எந்தக் குறையோடு பயணம் போகலாம்?

கண்ணு,

மெல்போர்னிலிருந்து பெர்த் வரைக்கும் நீயும் உன் தோழிகள் இரண்டு பேரும் சொந்தக் காரிலேயே போகப் போகிறீர்கள், அதற்காக ஐயாயிரம் டாலருக்குள் ஒரு பழைய வண்டி தேடுகிறீர்கள் என்று உங்கப்பன் போனில் சொன்னான். அவன் குரலில் பயம் தெரிந்தது. எனக்குச் சந்தோஷம்தான். வேலை பார்த்துக்கொண்டே ஊர் சுற்றிப் பார்க்கிற அந்த விசாவை ஆஸ்திரேலியா நம் நாட்டுப் பிள்ளைகளுக்கு 2024-இல்தான் திறந்துவிட்டது. ஆண்டுக்கு ஆயிரம் பேருக்கு, அதுவும் குலுக்கலில். 31 வயது ஆகிவிட்டால் கேட்கவே முடியாது. அப்படிக் கிடைத்த பன்னிரண்டு மாதத்தை ஒரே ஊரில் உட்கார்ந்து தீர்க்காமல், ஒரு கண்டத்தின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை தரையோடு தரையாகப் போய்ப் பார்க்க நினைத்தது நல்ல புத்தி.

மெல்போர்னுக்குப் பக்கத்தில் டாண்டினாங்கில் ஒரு பட்டறையில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். உன் வயதுப் பிள்ளைகள் வாங்கிக்கொண்டு வந்த வண்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த உரிமையில் சிலதைச் சொல்கிறேன். நிதானமாகப் படி.

ஐயாயிரம் டாலர் என்றால் நம் பணத்தில் மூன்று லட்சத்தை ஒட்டி வரும். அந்த விலைக்குக் குறையில்லாத வண்டி அங்கே கிடைக்காது. இதை முதலில் மனசில் ஏற்றிக்கொள். ஒரு குறையும் இல்லை என்று ஒருவர் சொன்னால், குறை உன் கண்ணுக்கு எட்டாத இடத்தில் இருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். ஆகையால் குறையைத் தேடிக் கண்டுபிடிப்பது பாதி வேலைதான். மீதிப் பாதி, அதை எந்தப் பக்கம் வைப்பது என்று முடிவு செய்வது. கூடவே வைத்துக்கொண்டு வாழக்கூடிய குறை ஒரு பக்கம். ஒரு நாள்கூட வாழக்கூடாத குறை இன்னொரு பக்கம். வாங்கும்போதும் இதுதான், ஓட்டும்போதும் இதுதான், கூட வருகிற ஆட்களிடமும் இதுதான். உன் வயதில் பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்வார்கள். கதவில் கீறல் இருந்தால் வேண்டாம் என்பார்கள். ரேடியேட்டரில் துருத் தண்ணீர் இருந்தால் கவனிக்கவே மாட்டார்கள்.

பணத்தை முதலில் பேசிவிடுவோம். கையில் ஐயாயிரம் இருந்தால் வண்டிக்கு மூவாயிரத்து ஐந்நூறுக்கு மேல் போகாதே. விக்டோரியா மாநிலத்தில் பெயர் மாற்றும்போது விலையில் நாலு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே முத்திரை வரி வரும், மாற்றுக் கட்டணம் தனி. ஒரு டயர் ஜோடியோ பேட்டரியோ எப்படியும் வாங்க வேண்டியிருக்கும். மிச்சத்தைத் தொடாமல் வை. வழியில் வருகிற நல்லர்போர் சமவெளியின் நடுவில் வண்டி நின்றுபோனால், அதை ஏற்றிக்கொண்டு வருகிற லாரிக் கூலி வண்டியின் விலையையே தாண்டிவிடும். பழைய வண்டியின் விலை என்பது முதல் தவணை மாதிரி. இரண்டாம் தவணை எப்போது, எந்த ஊரில் கேட்கும் என்று தெரியாது. அதைக் கட்டக் கையில் காசு இருக்கிறவனுக்குத்தான் பழைய வண்டி மலிவு.

அந்தக் காசிலேயே இன்ஷூரன்ஸும் அடங்கும். அங்கே ரெகோ என்று சொல்வார்கள், வண்டியின் பதிவு. விக்டோரியாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 900 டாலர். ஆள் அடிபட்டால் அதற்கான காப்பீடு அந்தக் கட்டணத்துக்குள்ளேயே வந்துவிடும். இதைக் கேட்டுவிட்டு எல்லாவற்றுக்கும் காப்பீடு இருக்கிறது என்று பல பிள்ளைகள் நினைத்துவிடுகிறார்கள். அடுத்தவர் காரை நீ இடித்தால் அந்தக் காரின் செலவுக்கு அதில் ஒரு காசு கிடையாது. அதற்கு மூன்றாம் நபர் சொத்துக் காப்பீடு என்று தனியாக எடுக்க வேண்டும். சிக்னலில் உன் முன்னால் நிற்பது விலை உயர்ந்த வண்டியாக இருந்தால், பம்பரும் விளக்கும் மாற்றுகிற செலவு உன் மொத்தச் சேமிப்பையும் விழுங்கிவிடும். காப்பீடு இல்லாமல் சாலையில் இறங்குவது வாழக்கூடாத குறையில் முதலாவது. சாவி கைக்கு வருவதற்கு முன்பே அதை எடுத்துவிடு.

அடுத்தது காகிதம். ஆஸ்திரேலியாவில் வண்டிப் பதிவு மாநிலத்துக்கு மாநிலம் வேறு சட்டம். விக்டோரியாவில் பதிவோடு ஒரு பழைய வண்டியை விற்க வேண்டுமானால், விற்கிறவர் சாலைத் தகுதிச் சான்று வாங்கித் தர வேண்டும். அது முப்பது நாளுக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. “நீயே எடுத்துக்கொள், விலையில் கழித்துக்கொள்கிறேன்” என்று சொல்கிறவரிடம் வாங்காதே. அந்தச் சான்று எடுக்கப் போனால் என்னென்ன செலவு வரும் என்று அவருக்குத் தெரிந்திருப்பதால்தான் அப்படிச் சொல்கிறார்.

சான்று இருக்கிறது என்பதற்காக மயங்கிவிடவும் கூடாது. பிரேக், ஸ்டீயரிங், டயர், விளக்கு, பாடியின் துரு, சீட் பெல்ட் இதையெல்லாம் பார்த்துக் கொடுப்பது அது. இன்ஜினின் உள்ளே என்ன இருக்கிறது, கியர் பாக்ஸ் இன்னும் எத்தனை காலம் தாங்கும் என்று அது சொல்லாது. ஊருக்குள் ஆபத்தில்லாமல் ஓட்டலாம் என்பதுதான் அதன் பொருள். உன் பாதை 3,400 கிலோமீட்டர்.

மேற்கு ஆஸ்திரேலியா நம்பர் பிளேட் உள்ள வண்டிகளை ஊர் சுற்றிகள் விரும்பித் தேடுவதைப் பார்ப்பாய். அந்த மாநிலத்தில் பெயர் மாற்றப் பரிசோதனை தேவையில்லை என்பதுதான் காரணம். நீ பெர்த்தில் போய் விற்கப் போகிறவள் என்பதால் அது உனக்கு நன்மைதான். விக்டோரியா பிளேட்டோடு போனால், அங்கே வாங்குகிறவர் வண்டியைப் பரிசோதனைக்குக் காட்டிப் புதிதாகப் பதிவு செய்ய வேண்டும். அந்தச் சிரமத்தை விலையில் கழிப்பார். ஆனால் பெயர் மாற்றத்துக்கு என்ன முகவரி, என்ன அடையாளம் கேட்பார்கள் என்பதை விற்கிறவர் வாயிலிருந்து கேட்டுக்கொள்ளாதே. அந்த மாநிலத்துப் போக்குவரத்து அலுவலகத்தையே நேராகக் கேள்.

வண்டியைப் பார்க்கக் கிளம்புவதற்கு முன்பே சேசிஸ் நம்பரைக் கேட்டு வாங்கி, பி.பி.எஸ்.ஆர். என்கிற அரசாங்கப் பதிவேட்டில் தேடு. இரண்டு டாலர்தான். வண்டி மேல் கடன் இருக்கிறதா, திருட்டு வண்டியா, விபத்தில் கழித்துக்கட்டப்பட்டதா என்று அதில் வந்துவிடும். கடன் பாக்கியுள்ள வண்டியை வாங்கினால், கடன் கொடுத்தவர் உன்னிடமிருந்தே வண்டியை எடுத்துக்கொண்டு போக வழி இருக்கிறது. இரண்டு டாலரை மிச்சம் பிடித்து வண்டியையே விட்ட பிள்ளை ஒருவன் எங்கள் பட்டறைக்கு வந்து அழுததைப் பார்த்திருக்கிறேன். அதே நம்பரை வைத்து டகாட்டா ஏர்பேக் விஷயத்தையும் பார்த்துவிடு. வெடிக்கும்போது உலோகச் சில்லை ஓட்டுகிறவர் மேலேயே வீசக்கூடிய ஏர்பேக் அது. 2018-இல் ஆஸ்திரேலிய அரசு கட்டாயமாகத் திரும்பப் பெற வைத்தது. முப்பது லட்சம் வண்டிகள் போல அதில் அடக்கம். மாற்றாமல் தப்பியது எதுவும் உன் கைக்கு வந்துவிடக் கூடாது.

இப்போது வண்டிக்கு வருகிறேன்.

அந்தியூர்த் தேர்ச் சந்தைக்கு உன் தாத்தா மாடு வாங்கப் போவார். குளிப்பாட்டி, கொம்பு சீவி, வர்ணம் பூசி நிறுத்தியிருக்கிற மாட்டை அவர் திரும்பியே பார்க்க மாட்டார். விடிவதற்கு முன்னால் போய், படுத்திருக்கிற மாடு எப்படி எழுந்திருக்கிறது என்று பார்ப்பார். முதல் நாலு அடியில் அதன் உண்மை தெரிந்துவிடும் என்பார். வண்டியும் அப்படித்தான். குளிர்ந்த இன்ஜினைத்தான் பார்க்க வேண்டும். “நான் வந்து சேரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீர்கள்” என்று முந்தின நாளே சொல்லிவிடு. போனதும் பானெட் மேல் உள்ளங்கையை வை. சூடாக இருந்தால், இன்னொரு நாள் காலையில் வருகிறேன் என்று சொல்லித் திரும்பிவிடு. காலையில் ஸ்டார்ட் ஆகச் சிரமப்படுகிற வண்டி, முதல் நிமிஷத்தில் நீலப் புகை விடுகிற வண்டி, டக்டக்கென்று செயின் சத்தம் போடுகிற வண்டி, எல்லாம் பத்து நிமிஷம் ஓடிச் சூடாகிவிட்டால் நல்ல பிள்ளையாகிவிடும்.

குளிர்ந்திருக்கும்போதே ரேடியேட்டர் மூடியைத் திற. உள்ளே பச்சையோ சிவப்போ ஏதாவது ஒரு நிறத்தில் தெளிவான கூலன்ட் இருக்க வேண்டும். காவி நிறத் தண்ணீர் இருந்தால் அவர் பல காலம் குழாய்த் தண்ணீரையே ஊற்றி ஓட்டியிருக்கிறார். எண்ணெய்ப் படலம் மிதந்தால் பேச்சே வேண்டாம். அடுத்து ஆயில் ஊற்றுகிற மூடியைக் கழற்றித் திருப்பிப் பார். பால் கலந்த காப்பி மாதிரி வெளுப்பாகப் பசை ஒட்டியிருந்தால் ஆயிலுக்குள் தண்ணீர் போகிறது. ஹெட் கேஸ்கெட் போயிருக்கக்கூடும். அதைச் சரிசெய்கிற கூலி வண்டியின் விலையில் பாதியைக் கேட்கும். அவர் எவ்வளவு குறைத்தாலும் அது வாழக்கூடாத குறை.

எந்த வண்டி வாங்கலாம் என்று கேட்டிருந்தாயாம். ஃபோர்டு ஃபால்கன், ஹோல்டன் கமடோர், டொயோட்டா கேம்ரி, மிட்சுபிஷி மேக்னா. இவையெல்லாம் ஆஸ்திரேலியாவிலேயே செய்தவை. அந்த நாட்டில் கார் உற்பத்தியே இப்போது கிடையாது. ஃபோர்டு 2016-இல் நிறுத்தியது, டொயோட்டாவும் ஹோல்டனும் 2017 அக்டோபரில் மூடின. அந்தத் தொழிற்சாலைகளில் வேலை பார்த்தவர்கள் எங்கள் பட்டறைக்கு வருவார்கள்; அந்த வருஷம் அவர்கள் முகத்தில் இருந்த துக்கம் எனக்கு மறக்காது. ஆனாலும் சின்ன ஊர்ப் பட்டறையில்கூட அந்த வண்டிகளைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டுகிற ஆள் இருப்பார், பழைய பாகம் கிடைக்கும். முகப்பில் ஐரோப்பியப் பெயரும் தோல் சீட்டும் உள்ள வண்டி அதே விலைக்குக் கிடைக்கும், எடுக்காதே. வழியில் சிடூனா மாதிரிச் சின்ன ஊரில் அதற்கு ஒரு சென்சார் வேண்டுமென்றால் நாள் கணக்கில் காத்திருக்க வேண்டிவரும்.

ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு பிறவிக் குறை உண்டு, அதைத் தெரிந்துகொண்டு போ. பழைய நாலு லிட்டர் ஆறு சிலிண்டர் ஃபால்கன் இன்ஜின் நன்றாகப் பார்த்துக்கொண்டால் நாலு லட்சம் கிலோமீட்டர் ஓடும். பெட்ரோல்தான் கொஞ்சம் குடிக்கும். அதில் பிற்காலத்து ஆறு கியர் ஆட்டோமேட்டிக் வந்த வண்டிகளில், கியர் ஆயிலைக் குளிர்விக்கிற பகுதி உள்ளுக்குள் உடைந்து கூலன்ட் கியர் பாக்ஸுக்குள் கலந்துவிடும். அந்தப் பகுதியை மாற்றிய ரசீது இருக்கிறதா என்று கேள். கமடோரின் 3.6 லிட்டர் வி-6 இன்ஜினில் டைமிங் செயின் நீண்டுபோகும். ஆயிலை நேரத்துக்கு மாற்றாத வண்டியில் இது சீக்கிரம் வரும். மேக்னா வி-6-இல் டைமிங் பெல்ட். ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மாற்றியதற்கு அத்தாட்சி இல்லையென்றால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு அந்தச் செலவை விலையில் கழி. பழைய சுபாரு 2.5 லிட்டர் வண்டிகளில் ஹெட் கேஸ்கெட் கசிவு பேர்போனது.

டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2318 என்றால் 2018-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. பூ நன்றாக இருந்தும் வயதான டயர், சூடான ரோட்டில் மணிக்கு 110 கிலோமீட்டரில் வெடிக்கும். ஸ்டெப்னியையும் அதே மாதிரி பார். ஜாக்கியும் வீல் ஸ்பேனரும் இருக்கிறதா என்று கையில் எடுத்துப் பார். சக்கரத்தில் பூட்டு நட்டு போட்டிருந்தால் அதன் சாவியைக் கேட்டு வாங்கு. ஒரு பெண்பிள்ளை பின் சீட்டை அழகாகப் படுக்கையாக மாற்றிய வண்டியை வாங்கி வந்தாள். அந்தப் பலகையை ஸ்க்ரூ போட்டு முறுக்கியிருந்ததால் கீழே இருக்கிற ஸ்டெப்னியை எடுக்கவே வழியில்லை. அதைக் கழற்றுவதுதான் எங்கள் முதல் வேலையாக இருந்தது.

இவ்வளவும் பார்த்துவிட்டு, வாங்கலாம் என்று மனசு சொன்னால், வீட்டுக்கே வந்து வண்டியைச் சோதித்துச் சொல்கிற மெக்கானிக் ஒருவரை நீயே பிடித்து அழைத்துக்கொண்டு போ. இருநூறு, முந்நூறு டாலர் கேட்பார். விற்கிறவர் அதற்குச் சம்மதிக்கவில்லை என்றால் அங்கேயே முடிவு தெரிந்துவிட்டது.

மூன்று பிள்ளைகள் இரண்டு வண்டியைப் பார்த்துவிட்டு எதை எடுப்பது என்று கேட்டு வந்தார்கள். ஒன்று வெள்ளி நிற கமடோர், தேய்த்து மெருகேற்றி, உள்ளே வாசனை அடித்து, மீட்டரில் கிலோமீட்டரும் குறைவு. ஆனால் பிரேக் மிதியின் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தது. அந்த மீட்டர் காட்டுகிற ஓட்டத்தில் ரப்பர் அப்படித் தேயாது. எக்ஸாஸ்டில் இனிப்பு வாடை வந்தது; கூலன்ட் எரிகிற வாடை அது. இன்னொன்று ஃபால்கன் ஸ்டேஷன் வேகன், இரண்டே முக்கால் லட்சம் ஓடியது. கூரைத் துணி தொங்கி, குண்டூசி குத்தி நிறுத்தியிருந்தது. பின் கதவு ஒன்றை வெளியிலிருந்துதான் திறக்க முடியும். ஏ.சி. வேலை செய்யவில்லை. ஆனால் சர்வீஸ் புத்தகத்தில் பதினைந்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை சீல் விழுந்திருந்தது, ஒரே ஊர்ப் பட்டறையின் சீல். ஓட்டியவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. எதை எடுக்கச் சொன்னேன் என்று உனக்குத் தெரியும். கதவும் துணியும் ஏ.சி.யும் பயணத்தைக் கெடுக்காது. வழியில் கிம்பா என்கிற ஊர்ப் பக்கத்தில் அதன் ஃபேன் பெல்ட் அறுந்ததாம். டிக்கியில் ஒரு பெல்ட் வாங்கிப் போடச் சொல்லியிருந்தேன். பின்னால் வந்த லாரிக்காரர் ஒருவர் ஸ்பேனரோடு இறங்கி மாட்டிக் கொடுத்திருக்கிறார். அந்த ரோட்டில் யாரும் நின்று கேட்காமல் போக மாட்டார்கள். நீயும் நிற்க வேண்டும்.

விலகி வரப் பழகு, கண்ணு. ஒரு மணி நேரம் பஸ்ஸில் போய் வந்துவிட்டோமே, அவர் டீ கொடுத்தாரே, தோழிகள் ஆசைப்படுகிறார்களே என்பதற்காகத் தலையாட்டாதே. நம் வீடுகளில் பெண்பிள்ளைகளை, எதிராளி மனசு நோகக் கூடாது என்று சொல்லியே வளர்த்துவிட்டோம். “எனக்குச் சரிப்படவில்லை, நேரம் கொடுத்ததற்கு நன்றி” என்று சொல்லிவிட்டு வந்தால் யார் மனசும் நோகாது. வண்டியை நேரில் பார்க்காமல், எவ்வளவு அவசரப்படுத்தினாலும், முன்பணம் என்று ஒரு டாலர்கூட அனுப்பாதே.

இனி ரோடு. அடிலெய்டு தாண்டி போர்ட் அகஸ்டாவில் அயர் நெடுஞ்சாலை தொடங்குகிறது. 1841-இல் எட்வர்ட் ஜான் அயர் என்கிற ஆங்கிலேயரும் வைலி என்கிற பூர்வகுடி இளைஞரும் இந்தப் பாலைக் கரையோரமாகத் தண்ணீருக்குத் தவித்துக்கொண்டே ஆல்பனி வரை போய்ச் சேர்ந்தார்கள். கூடப் புறப்பட்ட ஜான் பாக்ஸ்டர் வழியிலேயே கொல்லப்பட்டார். இந்த ரோடு போட்டது உலகப் போர்க் காலத்தில், 1941-42இல். முழுதும் தார் போட்டு முடிந்தது 1976-இல்தான். சிடூனாவிலிருந்து நார்ஸ்மன் வரைக்கும் ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். அதற்கு நடுவில் ஊர் என்று நாம் சொல்கிற மாதிரி ஒன்றும் கிடையாது. பெட்ரோல், சாப்பாடு, படுக்கை மூன்றும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கிற ரோட்ஹவுஸ்தான். ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் சில இடங்களில் 200 கிலோமீட்டரை ஒட்டி இடைவெளி. பாதி டேங்க் ஆனதும் நிரப்பு. விலை அதிகம் என்று அடுத்ததற்குத் தள்ளிப்போடாதே. குடிதண்ணீரை மெல்போர்னிலிருந்தே கேன் கேனாக எடுத்துக்கொள். ரோட்ஹவுஸ்களில் மழைத் தண்ணீரும் உப்பு நீக்கிய தண்ணீரும்தான். சும்மா பிடித்துக்கொள்ளக் கிடைக்காது.

கோடையில் போகாதே. 2019 டிசம்பரில் நல்லர்போரில் 49.9 டிகிரி வெயில் அடித்தது. ஏ.சி. இல்லாதது வாழக்கூடிய குறை என்று மேலே சொன்னேன், அது மே, ஜூன், ஜூலைக்குத்தான். அந்த மாதங்களில் போனால் இன்னொரு பாக்கியமும் உண்டு. ஹெட் ஆஃப் பைட் என்கிற இடத்தில் கடலோரச் செங்குத்துப் பாறைகளுக்குக் கீழே திமிங்கிலங்கள் குட்டி போட வந்திருக்கும். ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே போக வேண்டும், போ. யூக்லாவில் பழைய தந்தி நிலையம் மணலில் புதைந்து கிடக்கிறது, அதையும் பார்.

இருட்டில் ஓட்டவே ஓட்டாதே. கங்காரு அந்தியிலும் விடியலிலும்தான் ரோட்டுக்கு வரும். குறுக்கே பாய்ந்தால் ஸ்டீயரிங்கை ஒடிக்காமல் நேராகப் பிரேக் பிடி. ஒடித்துக் கவிழ்ந்து செத்தவர்கள் அங்கே உண்டு. எதிரே வருகிற ரோடு டிரெயின் லாரிகள் 36 மீட்டர் நீளம். அது கடக்கும்போது காற்று உன் வண்டியை ஒரு தள்ளு தள்ளும், இரண்டு கையாலும் பிடித்துக்கொள். பல்லடோனியாவுக்கும் கைகூனாவுக்கும் நடுவில் 146.6 கிலோமீட்டர், ஒரு வளைவுகூட இல்லாத நேர் ரோடு. கண் திறந்திருக்கும், மனசு தூங்கிவிடும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள். கூட உட்கார்ந்திருக்கிறவள் தூங்கக் கூடாது. ரோட்டில் சில இடங்களில் வெள்ளைக் கோடுகள் பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்ப்பாய். அந்த இடங்களில் ரோடே ஓடுதளம். அடிபட்டவர்களைத் தூக்கிப் போகப் பறக்கும் மருத்துவர் சேவையின் விமானம் அங்கேதான் இறங்கும். 1928-இலிருந்து நடக்கிற சேவை அது.

வெப்ப முள் மேலே ஏறினால் அடுத்த ரோட்ஹவுஸ் வரைக்கும் ஓட்டிவிடலாம் என்று நினைக்காதே. அந்த நிமிஷமே ஓரம் கட்டி அணைத்துவிடு. ஆறும்வரை மூடியைத் தொடாதே. ஆறிய பிறகு கூலன்ட் ஊற்றிப் பார்க்கலாம். ஹோஸ் ஒன்று, பெல்ட் ஒன்று, ஆயில் ஒரு கேன் டிக்கியில் இருக்கட்டும். இன்ஜின் சூடேறிய பிறகும் ஓட்டிய ஐந்து நிமிஷம்தான் ஆயிரம் டாலர் வேலையை நாலாயிரம் டாலர் வேலையாக்கும். வண்டி நின்றுவிட்டால் அதை விட்டு நடந்து போகாதே. நிழல், தண்ணீர், தேடி வருகிறவர் கண்ணுக்குத் தெரிகிற பெரிய பொருள், எல்லாம் அந்த வண்டிதான். ரோட்ஹவுஸுக்கு நடுவில் போன் பெரும்பாலும் எடுக்காது. செயற்கைக்கோளுக்கு அபாயக் குறிப்பு அனுப்புகிற சின்னக் கருவி வாடகைக்குக் கிடைக்கும், ஒன்றை எடுத்துக்கொள். தினமும் எந்த ஊரில் தங்குகிறாய் என்று எங்களுக்கு முதல் நாளே செய்தி அனுப்பிவிட்டால் உங்கப்பனும் தூங்குவான்.

மேற்கு ஆஸ்திரேலிய எல்லையில் வண்டியை நிறுத்திப் பழம், காய்கறி, தேன் எல்லாவற்றையும் வாங்கிப் போட்டுவிடுவார்கள். அதற்கு முந்தின இரவே சமைத்துத் தீர்த்துவிடுங்கள். நம் ஓட்டுநர் உரிமத்தை விக்டோரியாவில் ஆறு மாதம் வரைதான் வைத்து ஓட்டலாம். தேதியைக் கணக்குப் போட்டுக்கொள்.

தோழிகள் விஷயம். வண்டி மூன்று பேர் காசில் வாங்கினாலும் பதிவு ஒருத்தி பெயரில்தான் இருக்கும். அபராதச் சீட்டு அவளுக்குத்தான் வரும். யார் எவ்வளவு போட்டீர்கள், ரிப்பேர் வந்தால் எப்படிப் பங்கு, ஒருத்திக்கு நடுவில் வேலை கிடைத்து இறங்கிக்கொண்டால் அவள் பங்கு என்ன என்று ஒரு தாளில் எழுதி மூன்று பேரும் கையெழுத்துப் போடுங்கள். இதை எழுதச் சங்கடப்படுகிற நட்பு மூவாயிரம் கிலோமீட்டர் தாங்காது. ஒருத்தி குறட்டை விடுவாள், ஒருத்தி பாட்டை மாற்றிக்கொண்டே இருப்பாள், ஒருத்தி ஒவ்வொரு கழிப்பறையிலும் அரை மணி நேரம் எடுப்பாள். எல்லாம் பொறுத்துக்கொள்ள வேண்டிய குறை. குடித்துவிட்டு ஸ்டீயரிங்கில் உட்காருகிறவள், களைப்பாக இருக்கிறது என்று சொல்ல வெட்கப்படுகிறவள், செலவுக் கணக்கை மறைக்கிறவள் இருந்தால், சாவியை வாங்கிப் பையில் போட்டுக்கொள். சண்டை வந்தாலும் பரவாயில்லை.

பெர்த்தில் விற்கும்போது உன்னிடம் வாங்க வருகிறவளும் உன்னை மாதிரி ஒரு பிள்ளையாகத்தான் இருப்பாள். கிழக்கே போக ஆசைப்பட்டு, கையில் அதே அளவு காசோடு நிற்பாள். இன்ஜினைக் குளிர்ந்தே வைத்திரு. வண்டியில் என்னென்ன குறை, வழியில் எதை மாற்றினாய், எதை மாற்றாமல் விட்டாய் என்று ஒரு தாளில் எழுதி, ரசீதுகளோடு அவள் கையில் கொடு. இருநூறு டாலர் குறைவாகக் கிடைக்கலாம். கிடைக்கட்டும். காசு வங்கிக்கு வந்து சேர்ந்ததைப் பார்த்த பிறகு சாவியைக் கொடு. அவள் உரிமத்தைப் போட்டோ எடுத்துக்கொள். மேற்கு ஆஸ்திரேலியப் பதிவு என்றால் விற்ற ஏழு நாளுக்குள் தகவல் கொடுக்க வேண்டும். நீ அன்றைக்கே கொடுத்துவிடு, இல்லாவிட்டால் அவள் வாங்குகிற அபராதமெல்லாம் உன் பெயருக்கு வரும். மிச்சமிருக்கிற கூலன்ட் கேனையும் அந்தப் பெல்ட்டையும் டிக்கியிலேயே விட்டுவிடு, அவளுக்குத் தேவைப்படும்.

அன்புடன்,
பெரியப்பா